நாலாம் கேட் நாயகனின் இருபத்தைந்தாவது நாள்

பெரிய நட்சத்திரங்களின் படத்துக்குத்தான் காலை எட்டு மணிக்குச் சிறப்புக் காட்சி போடுவார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் அந்தப் பழைய தியேட்டரில் 'நாலாம் கேட் நாயகன்' என்ற படத்துக்கும் போட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்தைந்து நாள். பெரிய நட்சத்திரத்தின் படத்துக்குக் கூட்டம் தானாக வந்து கதவை முட்டும். இந்தப் படத்துக்குக் கூட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றி வந்து, உள்ளே விட்டு, கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

ஏற்றி வந்து சாத்துகிற வேலை ஏஞ்சலுடையது.

தேர்வாய் கண்டிகையில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருடமாக அவள் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு நீலச் சட்டை, ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. இந்த ஏழு வருடத்தில் ஏஞ்சலின் சட்டை ஐந்தாறு முறை கிழிந்து புதிதாக வந்தது, நிறம் மட்டும் மாறவில்லை. அவள் கணவன் ஜெயராஜும் அங்கே சாம்பல் சட்டைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரஸ் மெஷினில் அவன் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப் போட்டு அனுப்பியவர்கள் கேட் பாஸையும் கையோடு வாங்கிக்கொண்டார்கள். நீலச் சட்டையாக இருந்திருந்தால் உட்கார்ந்து செய்கிற வேலையாவது கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு அன்றிலிருந்து ஏஞ்சலை விடவில்லை. அவளுக்கு நீலச் சட்டை வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு அந்த அளவுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சட்டைக்கும் அவளுக்கும் நடுவில் மலை மாதிரி நின்றவர் தயாரிப்பாளர் ஹேமநாத்.

தயாரிப்பாளர் என்பது அவராக மாட்டிக்கொண்ட பட்டம். ஊருக்கு அவர் லேபர் கான்ட்ராக்டர். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோவோடு இந்தப் பக்கம் வந்தவர். ஐந்து பேர் உட்காரும் ஆட்டோவில் பத்துப் பேரைத் திணித்துக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்காரர் ஒருவர் வெளியே வந்து, நாளைக்கு இன்னும் நாலு பேர் கிடைப்பார்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஹேமநாத் முதலாளி ஆகிவிட்டார். ஆட்டோ வேன் ஆனது, வேன் பஸ் ஆனது, புதுவாயல் கூட்ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வந்தது. ஆள் பிடித்துத் தருவதில் மனிதர் கெட்டிக்காரர், அதை மறுப்பதற்கில்லை. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது.

எங்கே நின்றார்? ஏதோ ஒரு கல்யாண வரவேற்பில், வில்லனுக்கு அடியாளாக வருகிற நடிகர் ஒருவர் அவர் தோளில் கை போட்டு, "அண்ணே, உங்க முகத்துல ஒரு புரொடியூசர் களை இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். மறு வாரமே பூஜை. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாமி படத்தின் மேல் கேமராவைத் திருப்பி முதல் ஷாட் எடுத்தார்கள். கடைசி ஷாட்டும் அதுதான். கதாநாயகி வராததால் படம் அங்கேயே படுத்துவிட்டது. ஆனால் அந்த ஒற்றை ஷாட்டை வைத்துக்கொண்டு ஹேமநாத் மூன்று வருடம் தயாரிப்பாளராகவே உலா வந்தார். காரின் பின் கண்ணாடியில் கம்பெனிப் பெயரை ஒட்டினார். வெள்ளைப் பேண்ட்டுக்கு வெள்ளை ஷூ போட ஆரம்பித்தார். ஆபீசில் யாராவது "ஹேமநாத் சார்" என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் போல ஃபைலைப் புரட்டுவார். "புரொடியூசர் சார்" என்றால்தான் தலை நிமிரும். லீவு கேட்கப் போகிறவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது படம்தான் 'நாலாம் கேட் நாயகன்'. ஜோஷ்வா என்ற உதவி இயக்குநர், பன்னிரண்டு வருடம் பலரிடம் குடை பிடித்துக் களைத்தவர், கதை சொல்ல வந்தார். கதாநாயகன் ஒரு லேபர் கான்ட்ராக்டர் என்று அவர் ஆரம்பித்ததுமே ஹேமநாத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து ஹீரோ மெதுவாக இறங்குகிறான், பின்னால் தூசி எழும்புகிறது என்று சொன்ன இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் போன் வந்தது. வெளியே போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "மீதிய நீயே பாத்துக்கோ ஜோஷ்வா, உம்மேல எனக்கு நம்பிக்க கீது" என்றார். ஜோஷ்வா மீதியைத் தானே பார்த்துக்கொண்டார்.

படம் முடிந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. செல்போனில் படம் காட்டுகிற ஒரு கம்பெனிக்குப் படம் வாங்கித் தருகிற வெங்கடேசன் என்ற சென்னைக்காரரை ஹேமநாத் ஆறு மாதம் துரத்தினார். கடைசியில் அவர், ஒரே தியேட்டரில் இருபத்தைந்து நாள் அரங்கு நிறைந்து ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாசூக்காகக் கழற்றிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹேமநாத்துக்கு அது ஆள் சப்ளை ஆர்டராகக் காதில் விழுந்தது. எத்தனை தலை, எத்தனை நாள், எத்தனை மணிக்கு? இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் அவரால் எதையும் நிரப்ப முடியும்.

ஏஞ்சலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"இன்னா ஏஞ்சலு, கம்பெனில பத்து பேர ரோல்ல எடுத்து நீலச் சட்ட குடுக்கறாங்க, தெரியுமா? ஏழு வருசம் தாண்டினவங்க பேரா கேக்கறாங்க. லிஸ்ட்டு நாந்தான் குடுக்கணும்."

"கேள்விப்பட்டேன் சார்."

அவர் ஃபைலைப் புரட்டினார்.

"கேள்விப்பட்டேன், புரொடியூசர் சார்."

"ஆங். நைட் ஷிப்டு நூத்தி எம்பது பேரும் வேல முடிச்சி நேரா தியேட்டருக்கு வரணும். இருவத்தஞ்சி நாளு. ஒரு சீட்டு காலியா இருக்கக் கூடாது. நீ பாத்துக்கினா, லிஸ்ட்டுல மொத பேரு உன்துதான்."

"நெசமாவா?"

"கர்த்தர் மேல சத்தியமா," என்றார் ஹேமநாத், சந்தனம் பூசிய முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. அடுத்தவர் சாமி மேல் சத்தியம் செய்தால் தன் சாமி கோபித்துக்கொள்ளாது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. ஏஞ்சல் அதை நம்பினாள். நம்பியதற்காகப் பின்னால் தன்னையே எவ்வளவோ திட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு நைட் ஷிப்ட் முடியும். பஸ்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலை ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். தியேட்டர் வாசலில் பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில், கம்பெனி கேட்டில் இருப்பது போலவே கைரேகை மெஷின் ஒன்றை மாட்டியிருந்தார் ஹேமநாத். கம்பெனியில் வைத்த ரேகை செல்லுபடியாக வேண்டுமென்றால் இங்கேயும் வைக்க வேண்டும், அதுவும் இடைவேளைக்கு அப்புறம். இல்லையென்றால் செய்த ஷிப்டு பாதி ஷிப்டு ஆகிவிடும். சொந்தத் தொழிலாளியை மிரட்டித் தன் படத்துக்கு ரசிகனாக்கிய தயாரிப்பாளர் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பொங்கல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற கூட்டம், விளக்கு அணைவதற்கு முன்பே கண்ணை மூடிவிடும். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரவெல்லாம் ரப்பர் புகையில் நின்ற ஜனம். மெத்தை போட்ட சீட்டு, குளுகுளு ஏசி. மின்விசிறி மட்டும் இருக்கிற தகர ஷீட் வீட்டில் பகலில் கிடைக்காத தூக்கம் அங்கே கிடைத்தது. பதினோரு வருடமாக ரப்பர் கலக்கிற மிக்சிங்கில் நிற்கிற பென்னி முதல் நாளே வீட்டிலிருந்து போர்வை எடுத்து வந்தான். கூட்டிப் பெருக்குகிற ஞானம்மா, பன்னிரண்டு வருட சர்வீஸ், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு சீட்டுக்கு நடுவில் புடவையை விரித்துத் தரையிலேயே படுத்துவிடுவாள். ஹீரோ கத்துகிற இடங்களில் மட்டும் அங்கங்கே ஒன்றிரண்டு பேர் புரண்டு படுப்பார்கள்.

ஏஞ்சல் தூங்கக் கூடாது. வெங்கடேசனின் ஆள் எந்த நாளும் வந்து பார்க்கலாம், அரங்கம் குறட்டை விடுவதைப் பார்த்தால் மானம் போய்விடும் என்று ஹேமநாத் உத்தரவு. தயாரிப்பாளர் பெயர் வரும்போது விசில், ஹீரோ பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கைதட்டல், சண்டையில் ஒரு கைதட்டல். அந்தந்த இடத்துக்கு முன்னால் டார்ச்சை அடித்து முன் வரிசைக்காரர்களை உலுக்கிவிட வேண்டும். ஹேமநாத் தினமும் வருவார். கறுப்புத் திரையில் தங்க எழுத்தில் தன் பெயர் வருகிற வரைக்கும் நடைபாதையில் நின்று பார்ப்பார். விசில் கேட்டதும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விடுவார். அதற்கு மேல் அந்தப் படத்தில் அவருக்கு என்ன இருக்கிறது?

ஆகவே இந்த உலகத்தில் 'நாலாம் கேட் நாயகன்' படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் தினந்தோறும் பார்த்த ஒரே ஜீவன் ஏஞ்சல்தான்.

படம் மகா மட்டம். ஹீரோவின் மீசை ஒரு காட்சியில் பெரிதாகவும் அடுத்த காட்சியில் சிறியதாகவும் இருந்தது. கதாநாயகி தொழிற்சாலைக்குள் உயர்ந்த குதிகால் செருப்போடு ஓடினாள். வில்லன் எதற்காகச் சிரிக்கிறான் என்று ஏஞ்சலுக்கு நாலு நாள் பார்த்தும் விளங்கவில்லை. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஹீரோ மழையில் நாலாம் கேட்டின் மேல் ஏறி நின்று, தன் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறான். பெயர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையிலிருந்து நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு, அங்கேயே பழைய சட்டையைக் கழற்றிப் போடுகிறார்கள். ஒரு கிழவர் மட்டும் போட்டுக்கொள்ளாமல் முகர்ந்து பார்க்கிறார். அந்த இடத்தை எடுக்கும்போது ஜோஷ்வா யாரையோ மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள், அந்த இடம் எப்போது வரும் என்று தான் காத்திருப்பதை ஏஞ்சல் கண்டுகொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளும் காத்திருந்தாள்.

தூக்கமில்லாமல் கண் இரண்டும் எரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகும், சமைத்து முடித்து மூன்று மணி நேரம் படுத்தால் அதிகம். "எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான் ஜெயராஜ். "இருவத்தஞ்சி நாளுதான? பல்ல கடிச்சிக்கினு ஓட்டிட்றேன்," என்றாள்.

இருபத்து நாலாம் நாள், ஆள் எண்ணிக்கை எழுதிய நோட்டைக் கொடுக்கப் புதுவாயல் ஆபீசுக்குப் போனாள். ஹேமநாத் இல்லை. மறுநாள் விழாவுக்கு மாலை சொல்லப் போயிருந்தார். கம்ப்யூட்டர் பார்க்கிற சத்யா மட்டும் இருந்தாள். நல்ல பெண், ஆனால் பயந்த சுபாவம். நோட்டை வாங்கி வைத்தவள் ஏஞ்சலின் சிவந்த கண்ணையே பார்த்தாள்.

"அக்கா, நா சொன்னன்னு சொல்லக் கூடாது."

"இன்னா?"

"லிஸ்ட்டு போய்டிச்சி. படம் ஓட ஆரம்பிச்ச பன்னண்டாம் நாளே போய்டிச்சி."

சத்யா தன் போனை நீட்டினாள். பத்துப் பெயர். ஏஞ்சல் மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே படித்தாள். அவள் பெயர் இல்லை. பென்னி இல்லை, ஞானம்மா இல்லை, சாம்பல் சட்டை ஒருவர்கூட இல்லை.

"யாரு இவங்கல்லாம்?"

"மொத பேரு தியேட்டர் மேனேஜர் பீட்டரோட மவன். தியேட்டர் குடுத்ததுக்கு. ரெண்டாவது ஹீரோவோட தம்பி. இவுரு கேமராமேன் மச்சான். இவுரு போஸ்டர் ஒட்றவரோட அண்ணன் மவன். மீதி நாலு பேரு சார் சம்சாரத்தோட ஊரு. கடசி ரெண்டு யாருன்னு எனக்கே தெரியல. ஏழு வருச சர்டிபிகேட்டு நாந்தான் அடிச்சேன்," என்ற சத்யா அழ ஆரம்பித்தாள்.

ஏஞ்சலுக்கு அழுகை வரவில்லை. ஹேமநாத் எப்படிப் படம் எடுத்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கேமராவுக்கு ஒரு நீலச் சட்டை, மீசைக்கு ஒரு நீலச் சட்டை, போஸ்டருக்கு ஒரு நீலச் சட்டை. அவளுடைய ஏழு வருடத்தை, பென்னியின் பதினோரு வருடத்தை, ஞானம்மாவின் பன்னிரண்டு வருடத்தை அறுத்து அறுத்துப் படச்சுருளாக ஓட்டியிருக்கிறார். அதை உட்கார்ந்து பார்க்க அவர்களையே பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்.

"எனக்கு அத்த அனுப்பு," என்றாள்.

மறுநாள் வழக்கம் போல் நூற்றெண்பது பேரையும் கொண்டுபோய் உட்கார வைத்தாள். படம் முடிந்து பதினோரு மணிக்கு விளக்கு எரிந்தது. ரேகை வைத்தவர்களையும் வெளியே விடாமல் கதவைச் சாத்தியிருந்தார்கள். மேடையில் 'வெற்றிகரமான 25வது நாள்' என்று பேனர். மேஜை மேல் வரிசையாகக் கேடயங்கள். ஹேமநாத்தின் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை, அதற்குள் அவர் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. ஹீரோ வந்திருந்தார், மீசை இல்லாமல். ஜோஷ்வா மேடைக்கு அழைக்கப்படாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வெங்கடேசன் நிஜமாகவே வந்துவிட்டார். நிரம்பி வழிகிற அரங்கத்தைக் கண்டு அவருக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"ரசிகர்கள் ரெண்டு பேர் படத்தைப் பத்திப் பேசட்டுமே சார். நான் போன்ல எடுத்துக்கறேன், மேலிடத்துல காட்டணும்," என்றார்.

"ரெண்டு இன்னா, இருவது பேரு பேசுவாங்க!" என்ற ஹேமநாத், மைக்கை முன் வரிசையில் இருந்த பென்னியிடம் நீட்டினார். "பென்னி, படம் எப்பிடிக் கீது, சொல்லு."

பென்னி போர்வையை மடித்துக்கொண்டே எழுந்தான். நன்றாக யோசித்தான்.

"ஏசி சூப்பர் சார்."

ஹேமநாத் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு மைக்கைப் பிடுங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தார். அவர் பொங்கலில் முந்திரி குறைந்துவிட்டது என்றார். மூன்றாவது ஆளிடம் ஹீரோ பெயரைக் கேட்டதற்கு, அவர் மேடையில் இருந்த வெங்கடேசனைக் கை காட்டினார். ரோஜா மாலைக்குள் ஹேமநாத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஓரத்தில் நின்ற ஏஞ்சல் அவர் கண்ணில் பட்டாள்.

"ஏஞ்சலு! இங்க வாம்மா. இவங்க படத்த இருவத்தஞ்சி தடவ பாத்துக்கீறாங்க சார். கதயவே ஒப்பிப்பாங்க!"

ஏஞ்சல் மேடை ஏறினாள். இத்தனை பேர் எதிரில் அவள் பேசியதே இல்லை, ஜெபக் கூட்டத்தில்கூடப் பின் வரிசைதான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒரு கான்ட்ராக்டரோட கத," என்று ஆரம்பித்தாள். "அவுரு பஸ்ல ஆள ஏத்திக்கினு வந்து கம்பெனில எறக்குவாரு. அவங்களுக்கு சாம்பல் சட்ட. வருசக் கணக்கா அதே சட்ட. ஒர்த்தருக்கு மெஷின்ல கை போய்டுது. கைல கட்டோட கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிட்றாங்க."

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். தங்களைப் பற்றி யாரோ பேசுவது போல் இருந்தது. நூற்றெண்பது பேரும் அந்தப் படத்தின் கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"கம்பெனிக்காரன் அந்தக் கான்ட்ராக்டரக் கூப்ட்டு, ஒனக்கு காரு தர்றேன் ஊடு தர்றேன், நா சொல்ற ஆளுங்க பேர லிஸ்ட்டுல எழுதுன்றான். இவுரு மாட்டேன்றாரு. மழ ஊத்துது. நாலாம் கேட்டு மேல ஏறி நின்னுக்கினு, யாரு யாரு இத்தினி வருசம் ஒழச்சாங்களோ, அவங்க பேர ஒவ்வொண்ணா கூப்பிட்றாரு. கூப்ட்டு எல்லாருக்கும் தன் கையால நீலச் சட்ட குடுக்கறாரு. அதான் கிளைமாக்ஸ்."

வெங்கடேசன் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறதே என்று அவர் முகம் சொன்னது. ஹேமநாத்தின் முகத்தில் மட்டும் சிரிப்பு உறைந்து போயிருந்தது. அவர் மெல்ல நகர்ந்து வந்து, ஏஞ்சலின் காதருகே குனிந்து கேட்டார்.

"இன்னாது? கடசில எல்லாருக்கும் சட்ட குடுத்துட்றானா? நம்ம படத்துலயா?"

மைக் அவள் கையில்தான் இருந்தது. காதருகே கேட்டது அரங்கத்தின் எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஜோஷ்வா எழுந்து, "நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன் சார், நீங்கதான் கேக்கல," என்றார். பிறகு சிரிப்பு வெடித்தது. தரையிலிருந்து எழுந்த ஞானம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமலே அரங்கம் அதிரக் கேட்டாள்:

"நீ பாக்கலியா நைனா? நீயே பாக்காத படத்துக்கா எங்க தூக்கத்தக் கெடுத்த?"

ஹேமநாத் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். ரோஜா மாலை குறுக்கே வந்தது. ஏஞ்சல் இரண்டு அடி பின்னால் போய், மடியிலிருந்து போனை எடுத்தாள்.

"படத்துல படிச்ச லிஸ்ட்டு வேற. நெசமா கம்பெனிக்குப் போன லிஸ்ட்டு எங்கைல கீது, படிக்கிறேன். அவங்கவங்க பேரு வந்தா கைய தூக்குங்க."

படித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அது யாருடைய மகன், யாருடைய தம்பி, எதற்காகக் கொடுத்தது என்பதையும் சொல்லிப் படித்தாள். தியேட்டர் மேனேஜர் பீட்டர் டிக்கெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹீரோ கேடயத்தை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். பத்துப் பெயர் முடிகிற வரை அந்த அரங்கத்தில் ஒரு கைகூட உயரவில்லை. பதினோரு வருடம் மிக்சிங்கில் நின்ற பென்னி, படித்து முடித்த பிறகும் இன்னொரு பெயர் வரும் என்பது போல வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

அன்றைய நைட் ஷிப்டுக்குப் பஸ்கள் காலியாகப் போயின. ஆள் எண்ணிக்கையால் ஆளான மனிதருக்கு இருபத்தாறாம் நாள் ஒரு தலைகூட இல்லை. தியேட்டரிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. ரப்பர் பட்டை போகாததால் கார் கம்பெனியிலிருந்து போன் மேல் போன். மூன்றாம் நாள் கம்பெனி அதிகாரி ஒருவர் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழைய லிஸ்டைக் கிழித்தார். சர்வீஸ் வரிசைப்படி தாங்களே பத்துப் பேரை எடுப்பதாகச் சொன்னார். எடுத்தார்கள். ஞானம்மாவுக்கு மூன்றாவது இடம், பென்னிக்கு ஐந்தாவது இடம்.

ஏஞ்சல் பதினாலாவது.

ஞானம்மா நீலச் சட்டையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டபோது ஏஞ்சல் சிரித்தாள், சந்தோஷப்பட்டாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். நியாயமாக நடந்த ஒன்றை எதிர்த்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஜெயராஜ் மூன்று விரல் உள்ள கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கம்பெனிக்கு ஹேமநாத்தின் ஒப்பந்தம் போய்விட்டது, வேறொரு கான்ட்ராக்டர் வந்தார். அவருடைய பஸ் பச்சை நிறம். சட்டை அதே சாம்பல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சத்யா போன் செய்தாள்.

"அக்கா, புரொடியூசர் சார் பக்கத்துலதான் கீறாரு. அன்னிக்கி நீங்க பேசனத வெங்கடேசன் சார் போன்ல எடுத்தாரில்ல, அத்த நெட்டுல லட்சக்கணக்குல ஜனம் பாத்துட்டாங்களாம். நம்ம சாரு அத்தயே படமா எடுக்கப் போறாராம். ஒரு பொம்பள தியேட்டர் மேடைல ஏறி லிஸ்ட்டு படிக்கிறா. ஒங்க கததான். நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதுமாம்."

ஏஞ்சல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கடசில நீலச் சட்ட கெடைக்குதான்னு கேளு."

சத்யா போனைப் பொத்திக்கொண்டு கேட்பது தெரிந்தது. அந்தப் பக்கம் ஹேமநாத் உற்சாகமாக எதையோ விவரித்தார். வெகு நேரம் விவரித்தார்.

"கெடைக்குதாம்க்கா," என்றாள் சத்யா. "மழையிலயாம். தியேட்டரே எழுந்து நின்னு கை தட்டுமாம்."

"அப்ப அந்த வேசத்த அவரையே போட்டுக்கினு நைட்டு ஷிப்டுக்கு வரச் சொல்லு," என்று சொல்லி ஏஞ்சல் போனை வைத்தாள். சாம்பல் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு, பஸ் வருகிற நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தாள்.